மருந்தை மாற்றும் முன் இலையை எண்ணுங்கள்

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம் இருக்கிறது. கணவர் வளைகுடாவில் வேலை பார்ப்பதால் வெள்ளாமை என் பொறுப்பு. போன பட்டத்தில் டிராக்டர் கிடைக்காமல் ஐப்பசி இரண்டாவது வாரம்தான் மக்காச்சோளம் விதைக்க முடிந்தது. 25-ஆம் நாள் ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியாவை ஒரே தடவையாகத் தூவினேன். அடுத்த வாரமே கார்த்திகை மழை. மூன்று நாள் தண்ணீர் நின்றது. படைப்புழுவுக்கு ஐந்து முறை மருந்து அடித்தேன். கருது பெரிதாகத்தான் தெரிந்தது, உரித்தால் நுனி காலி. ஏக்கருக்கு 13 குவிண்டால்தான் கண்டது. பக்கத்துக் காட்டுக்காரர் 24 எடுத்திருக்கிறார். "ஐந்து தடவை மருந்தடித்தும் எப்படி இப்படி ஆச்சு?" என்று கணவர் போனில் கேட்கிறார். வரும் பட்டத்துக்கு எந்த விதை வாங்கட்டும்? புழுவுக்கு எந்த மருந்து நல்லது? இல்லை, பேசாமல் சோளத்துக்கே திரும்பிவிடட்டுமா? கருதுகளின் படமும் மருந்துக் கடை பில்லும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். படம் அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தில் நீங்கள் சொல்லாததைக் கருது சொல்கிறது.

படத்தில் உள்ள கருதுகளில் பதினான்கு வரிசை இருக்கிறது. (மக்காச்சோளத்தில் வரிசை எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும், எண்ணிப் பாருங்கள்.) அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் இருபது மணி வரை நன்றாகத் திரண்டிருக்கிறது. அதற்கு மேலே இரண்டு அங்குலத்துக்கு மணி இருக்கிறது, ஆனால் சுருங்கிப் பொடியாக, பதராக நிற்கிறது. இந்தச் சுருங்கிய மணிகள்தான் முக்கியமான சாட்சி. மகரந்தம் சேராமல் போயிருந்தால் நுனியில் மணிக்கான அறிகுறியே இருக்காது, வெறும் சக்கை வழவழவென்று இருக்கும். கருதின் நுனியில் பட்டுபோல் தொங்கும் நூலைப் புழு தின்றிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொக்கை விழுந்திருக்கும். உங்கள் கருதில் மகரந்தம் சேர்ந்திருக்கிறது, மணியும் பிடித்திருக்கிறது. பிடித்த பிறகு எல்லா மணிக்கும் சோறு போட முடியாமல் செடி நுனியில் இருந்தவற்றைக் கைவிட்டிருக்கிறது. பூத்த பிறகு வரும் வறட்சியிலும் தழைச்சத்துத் தட்டுப்பாட்டிலும் மக்காச்சோளம் இப்படித்தான் செய்யும். அடி மணிகள்தான் முதலில் பிடிப்பவை, கடைசியில் பிடிக்கும் நுனி மணிகள் முதலில் போகும்.

ஆகவே உங்கள் மகசூலில் பெரிய பங்கைத் தின்றது புழு இல்லை. விதையையும் குறை சொல்ல முடியாது. தள்ளிப்போன விதைப்பு, ஒரே தடவையில் போட்டு மழையில் போன யூரியா, தண்ணீரில் மூச்சுமுட்டிய வேர் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. ஐந்து தெளிப்புக்கும் கொடுத்த காசில் பாதியை மற்ற இடத்தில் போட்டிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்: ஐந்து முறை அடித்தது உங்கள் குற்றமில்லை. கடையில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். புழு கண்ணுக்குத் தெரியும், தழைச்சத்து போவது தெரியாது.

உங்கள் பயிரின் நாட்களைப் போட்டுப் பார்க்கிறேன். ஐப்பசி இரண்டாவது வாரம் விதைத்தால் பூக்கும்போது மார்கழி பத்து ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மணி பால் பிடித்துத் திரளும் காலம் முழுவதும் கரிசல் வெடிக்கத் தொடங்கும் தை மாதத்தில் போகிறது. மக்காச்சோளத்துக்கு அதிகமாகத் தண்ணீர் வேண்டியது செடி உச்சியில் ஆண் பூங்கொத்து வந்து, கருதில் நூல் வெளிவரும் சமயத்தை ஒட்டிய இரண்டு, மூன்று வாரம். அந்த நேரத்தில் மண் காய்ந்தால் அதற்கு முன் செய்த எந்த வேலையும் கைகொடுக்காது. பக்கத்துக் காட்டுக்காரர் எப்போது விதைத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள், புரட்டாசியாகத்தான் இருக்கும். புரட்டாசி நடுவில் விதைத்த பயிர் கார்த்திகை ஈரத்தில் பூக்கிறது, மார்கழிப் பனியில் மணி பிடிக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பெரியவர்கள் நம் பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்தைப் பார்த்தவர்கள் இல்லை. இதற்குப் பட்டம் புரட்டாசி. பதினைந்து நாள் முன்பின் ஆகலாம், ஒரு மாதம் தள்ளக் கூடாது. டிராக்டருக்கு இப்போதே, ஆடியிலேயே, சொல்லி வையுங்கள். விதையைத் தேர்ந்தெடுப்பதைவிட இது பெரிய முடிவு.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அடிப்படை, நாளை எண்ணுவதை விட்டு இலையை எண்ணுவது. 25-ஆம் நாள் என்று நீங்கள் யூரியா போட்டது புத்தகப்படி சரிதான். ஆனால் குளிர்ந்து, மேகம் மூடி, தண்ணீர் நின்ற காட்டில் 25 நாள் பயிரும், வெயிலடித்த காட்டில் 25 நாள் பயிரும் ஒரே வயதில் இருக்காது. இலையைப் பார்த்தால் வயது தப்பாது. விரிந்த இலை தண்டோடு சேரும் இடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கழுத்துப் பட்டை தெரியும். அது தெரிகிற இலைகளை மட்டும் எண்ணுங்கள், குருத்தில் சுருண்டிருப்பதை விட்டுவிடுங்கள். முதல் இலையின் நுனி மட்டும் உருண்டையாக இருக்கும், மற்றதெல்லாம் கூர்மை. எண்ணத் தொடங்க அது அடையாளம். ஆறு இலை தாண்டினால் அடி இலைகள் உதிரத் தொடங்கும், அதனால் முன்னதாகவே பத்துச் செடிகளில் ஐந்தாவது இலைக்கு ஒரு நூலோ பெயிண்ட் பொட்டோ வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

ஏன் இலை என்றால், ஆறாவது இலை வரை செடியின் வளரும் நுனி மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு நாற்றைப் பிடுங்கி நெடுக்காகப் பிளந்து பாருங்கள், தெரியும். அந்த வயதில் மயில் கொத்தினாலும், மாடு மேய்ந்தாலும், புழு இலையைக் கிழித்தாலும் பயிர் பெரும்பாலும் மீண்டு வந்துவிடும். ஆனால் அதே வயதில் தண்ணீர் நின்றால் நுனி தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். சில நாள் நின்றாலே செடி செத்துப் போகும். உங்கள் பயிர் அதைத் தாண்டிய பிறகு மழை வந்ததால் சாகவில்லை, வேரை மட்டும் இழந்தது. ஆறு முதல் எட்டு இலைக்குள் கருதில் எத்தனை வரிசை என்று செடி முடிவு செய்துவிடுகிறது. அதற்கப்புறம் பூங்கொத்து வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு வரை, ஒரு வரிசையில் எத்தனை மணி என்று தீர்மானமாகிறது. நாம் கருதைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்னால் கருதின் அளவு முடிந்துபோன சங்கதி. பூத்த பிறகு நாம் காப்பாற்றலாம், கூட்ட முடியாது.

யூரியாவுக்கு வருகிறேன். வேளாண் பல்கலைக்கழகம் இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்வது எக்டருக்கு 250 கிலோ தழைச்சத்து, 75 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல் சத்து. ஏக்கருக்கு ஏறக்குறைய 100, 30, 30 கிலோ. அது தண்ணீர் கையில் உள்ளவர்களுக்கு. மானாவாரியில் முழுவதையும் கொட்டுவது வானத்தை நம்பிப் போடும் சீட்டு. உங்களுக்கு நான் சொல்வது: அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி., அரை மூட்டை பொட்டாஷ். யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான், ஒரு மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவும் சில்லறையும். ஐந்து, ஆறு இலையில் ஒரு மூட்டை. பத்து இலை வாக்கில் இன்னொரு மூட்டை. மூன்றாவது மூட்டையை வாங்கி வீட்டில் வையுங்கள். பூங்கொத்து குருத்துக்குள் தென்படும்போது மண்ணில் ஈரமும் இருந்து, மழையும் வரும்போல் இருந்தால் மட்டும் அது காட்டுக்குப் போகட்டும். இல்லையென்றால் அடுத்த பயிருக்கு ஆகும். மக்காச்சோளம் தழைச்சத்தை வேகமாக இழுப்பது எட்டு இலையிலிருந்து நூல் வரும் வரை. உங்கள் மூன்று மூட்டையும் அந்த வேகம் பிடிக்கத் தொடங்கும்போதே தண்ணீரோடு போய்விட்டது. தண்ணீர் நின்ற கரிசலில் காற்று இல்லாமல் போகும்போது நைட்ரேட்டான தழைச்சத்து வாயுவாக மாறி மேலே போய்விடும், மிச்சம் கீழே இறங்கும். பிறகு அடி இலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக 'வி' வடிவத்தில் மஞ்சள் ஓடியிருக்கும். அதைப் பலர் நோய் என்று நினைத்து அதற்கும் மருந்தடிக்கிறார்கள்.

போடும் முறையும் உண்டு. தூவினால் குருணை குருத்தில் விழுந்து இலையைச் சுட்டுவிடும். ஈரம் இல்லாத மண்மேல் கிடந்தால் அம்மோனியாவாகப் பறக்கும். செடியிலிருந்து நாலு விரல் தள்ளி வரிசை ஓரமாகப் போட்டு, கையோடு மண் அணைத்துவிடுங்கள். ஆறு இலையில் மண் அணைப்பது இரண்டு வேலைக்கு ஒரு கூலி. உரம் மூடும், கீழ்க் கணுக்களில் இருந்து கிளம்பும் முட்டு வேர்களுக்கும் பிடி கிடைக்கும். கார்த்திகைக் காற்றில் சாயாமல் நிற்பது அந்த வேரால்தான். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோவை மணலோடு கலந்து விதைப்புக்கு முன் தூவலாம். டி.ஏ.பி.யோடு மட்டும் சேர்த்துக் கலக்காதீர்கள், இரண்டும் கட்டிக்கொண்டு இரண்டுமே பயிருக்குக் கிடைக்காது. இளம் இலையில் நடு நரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம் போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் நின்றதற்கு மருந்துக் கடையில் தீர்வு இல்லை, மண்வெட்டியில் இருக்கிறது. கரிசலில் தட்டையாக விதைத்தால் கார்த்திகையில் இதுதான் நடக்கும். மண்ணை நீள மேடாக அணைத்துப் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் விதைப்பதுதான் பாதுகாப்பு. அது முடியாவிட்டால் பத்து வரிசைக்கு ஒரு ஆழச் சால் இழுத்து, எல்லாச் சாலும் காட்டின் தாழ்ந்த மூலைக்குப் போகும்படி விடுங்கள். எந்த மூலையில் தண்ணீர் கடைசியில் வடிந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும். முடிந்தால் அந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டலாம். கார்த்திகையில் வடித்த அதே தண்ணீரை மார்கழியில் மணி பிடிக்கும் பயிருக்கு ஒரு தடவை இறைக்க முடிந்தால், மானாவாரியில் அதற்கு ஈடான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை. மானியத் திட்டம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். குட்டை இல்லாவிட்டாலும், பக்கத்தில் யாராவது கிணற்றுத் தண்ணீர் விற்றால் ஒரே ஒரு தடவைக்கு வாங்குங்கள். நூல் வெளிவரும் வாரத்தில் வாங்குங்கள், செடி வாடுகிறதே என்று முப்பதாவது நாளில் வாங்கிச் செலவழிக்காதீர்கள். இளம் வயதில் கொஞ்சம் வாடினால் மக்காச்சோளம் பொறுத்துக்கொள்ளும், வேரை ஆழத்துக்கு அனுப்பும்.

மறுபடி தண்ணீர் நின்று வடிந்தால், காட்டில் கால் வைக்க முடிகிற அன்றே லேசாகக் கொத்திவிட்டு, ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா வரிசை ஓரம் கொடுங்கள். வேர் அடிபட்டிருப்பதால் இரண்டு சத யூரியாக் கரைசலை, அதாவது லிட்டருக்கு 20 கிராம், இலைவழி தெளித்தாலும் பயிர் தெளியும்.

சரி, புழு. நீங்கள் அதிகம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான், நான் இப்போதுதான் வருகிறேன்.

படைப்புழு நம் நாட்டுக்குப் புதிது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016-இல் ஆப்பிரிக்கா வந்து, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் பிடிபட்டது. அதே ஆண்டு நம் மாவட்டம் வரை வந்து என்ன செய்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். தலையில் தலைகீழ் 'ஒய்' போல வெள்ளைக் கோடு, வாலுக்கு முந்திய கண்டத்தில் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் அதுதான். தாய் அந்துப்பூச்சி இரவில் நூறு, இருநூறு முட்டையைக் குவியலாக இட்டு மேலே தன் ரோமத்தைப் போர்த்திவிட்டுப் போகும். இரண்டு, மூன்று நாளில் பொரித்த குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும், கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு தெரியும். அடுத்த ஒரு வாரத்தில் குருத்துக்குள் இறங்கும். அங்கே ஒன்றையொன்று தின்று கடைசியில் குருத்துக்கு ஒன்று, இரண்டுதான் மிஞ்சும். மரத்தூள் போன்ற எச்சத்தை மேலே அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். வாழ்நாளில் தின்னும் தீனியில் பெரும்பகுதியை இந்தக் கடைசிச் சில நாட்களில்தான் தின்கிறது. நாம் "ஐயோ, புழு!" என்று கடைக்கு ஓடுவதும் அப்போதுதான்.

பில் தேதியைப் பார்த்தால், உங்கள் முதல் தெளிப்பு இலை கந்தலாகி, தண்ணீரும் வடிந்த பிறகு நடந்திருக்கிறது. அப்போது எச்சத்துக்கு அடியில் இருக்கும் முற்றிய புழு மேலே மருந்து போய்ச் சேராது. சேர்ந்தாலும் முற்றிய புழு சுலபத்தில் சாகாது. அது ஒரு வாரத்தில் தானாக மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும். மருந்து வேலை செய்துவிட்டது என்று நாம் நினைப்போம். இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை. பூங்கொத்து வந்த பிறகு அடித்த கடைசி இரண்டு தெளிப்பும் வீண் என்றே சொல்வேன்.

வரும் பட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். இந்த ஆடியில் ஒரு ஆழ உழவு போட்டால் மண்ணில் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் கொக்குக்கும் காக்கைக்கும் ஆகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. சயான்ட்ரனிலிப்ரோலும் தயாமீத்தாக்சமும் சேர்ந்த மருந்தில் நேர்த்தி செய்த விதை கிடைத்தால் வாங்குங்கள், முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குக் காவல் இருக்கும். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர்களும் நீங்களும் ஒரே வாரத்தில் விதைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் ஒருவர் புரட்டாசியிலும் ஒருவர் ஐப்பசியிலும் விதைத்தால் புழுவுக்குப் பந்தி ஓயாமல் நடக்கும், பிந்தி விதைத்தவர் காட்டில்தான் கூட்டம் அதிகம் சேரும். போன வருடம் அந்தக் கடைசிப் பந்தி உங்கள் காடு. வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி என்று ஏதாவது நாலு வரிசை போட்டால் புழுவைத் தின்னும் பூச்சிகளுக்கும் குளவிகளுக்கும் இடம் கிடைக்கும். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வைத்தால் அந்து வந்துவிட்டதா என்று தெரியும்.

பயிர் முளைத்ததிலிருந்து வாரம் இருமுறை காலையில் உள்ளே போய் வாருங்கள். வரப்பிலிருந்து பார்ப்பது கணக்கில்லை. காட்டில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடியின் குருத்தைப் பாருங்கள். முட்டைக் குவியலைக் கண்டால் கையால் நசுக்குங்கள். மூன்று ஏக்கருக்கு இது காலை இரண்டு மணி நேர வேலை, ஒரு தெளிப்பின் கூலியைவிட மலிவு. நூறில் ஐந்தாறு செடியில் வெள்ளைத் திட்டு என்றால் வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின், அல்லது குருத்தில் ஒரு சிட்டிகை மணலும் சுண்ணாம்பும் ஒன்பதுக்கு ஒன்று கலந்து போடுவது போதும். பத்து தாண்டினால் குளோரன்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. லிட்டருக்கு 0.4 மில்லி. இது பெரும்பாலும் 15-லிருந்து 20 நாளில் வரும். பத்து இலைக்கு மேல் மறுபடி பத்து தாண்டினால் வேறு மருந்து: ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி, அல்லது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம். ஒன்றையே திரும்ப அடித்தால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிடும், போன வருடம் உங்கள் ஐந்து தெளிப்பும் ஒரே மருந்து என்பது பில்லைப் பார்த்தால் தெரிகிறது. கைத்தெளிப்பான் நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். இலைமேல் பனி தூவியதுபோல் போவதெல்லாம் காசு தூவுவது. காலை அல்லது மாலை மட்டும். அடிப்பவர் முகம், கை மூடியிருக்க வேண்டும். இரண்டு தெளிப்புக்கு மேல் தேவைப்பட்டால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் 45 நாள் சுத்தமாக இருந்தால் போதும், பிறகு பயிரே நிழல் கட்டி அடக்கிவிடும். விதைத்த மூன்று நாளுக்குள் ஈர மண்ணில் அட்ரசின் 50 தூள் என்ற களைக்கொல்லி ஏக்கருக்கு 400 கிராம். ஆனால் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராகப் போடும் எண்ணம் இருந்தால் அட்ரசினைத் தொடாதீர்கள், அது பயறை எரித்துவிடும். பெண்டிமெத்தலினுக்குப் போங்கள்.

விதை எது என்றீர்கள். கம்பெனிப் பெயரைவிட வயதைப் பாருங்கள். புரட்டாசியில் விதைக்க முடிந்தால் 105 முதல் 110 நாள் விதை சரி. மறுபடி ஐப்பசிக்குத் தள்ளிவிட்டால் 95 நாள் விதைக்கு மாறுங்கள், மகசூல் திறன் கொஞ்சம் குறைந்தாலும் ஈரம் இருக்கும்போதே பூக்கும். திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோ.எச்.(எம்) 6, 8 போன்ற பல்கலைக்கழக ஒட்டு விதைகளும் உண்டு. "35 குவிண்டால் நிச்சயம்" என்று சொல்பவர் தண்ணீர் வசதியுள்ள காட்டைக் காட்டி மானாவாரிக்காரருக்கு விற்கிறார். எதை வாங்கினாலும் பில், லாட் எண் உள்ள சீட்டு, நாலு பிடி விதை ஆகியவற்றை அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ, இரண்டு அடி வரிசையில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இடைவெளியில் ஒரு விதை, ஒன்றரை, இரண்டு அங்குல ஆழம். முளைத்த பிறகு 22 அடி கயிறு ஒன்றை ஒரு வரிசையில் போட்டு அதற்குள் எத்தனை செடி என்று எண்ணுங்கள். இரண்டு அடி வரிசையில் 22 அடி என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே 24 செடி என்றால் ஏக்கருக்கு 24,000. நாலைந்து இடத்தில் எண்ணி, 18-க்குக் கீழே இருந்தால் ஒரு வாரத்துக்குள் விட்ட இடத்தில் ஊன்றுங்கள். அதற்குப் பிறகு ஊன்றிய செடி மற்றவற்றின் நிழலில் களையாகத்தான் நிற்கும்.

சோளத்துக்குத் திரும்புவதா? மூன்று ஏக்கரையும் திருப்ப வேண்டாம். கோழித் தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் மக்காச்சோளத்துக்கு இருக்கும் வாங்கல் சோளத்துக்கு இல்லை. ஆனால் தண்ணீர் வடியாத மூலை தவிர்த்த ஒரு மேட்டு ஏக்கரில் சோளம் போடலாம் என்பது என் கருத்து. வறட்சி வந்தால் சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும், மழை வந்ததும் மறுபடி கிளம்பும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. தட்டை மாட்டுக்கு ஆகும். சோளத்துக்கும் பட்டம் தள்ளினால் குருத்து ஈ முதல் நாலு வாரத்தில் நடுக் குருத்தைக் காய வைத்துவிடும், படைப்புழுவும் கொஞ்சம் வரும். இளம் சோளப் பயிரை, அதிலும் வாடியதையும், அறுத்த கட்டையில் துளிர்த்த மறுதாம்பையும், மாட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள். அதில் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும், மாடு நிமிடங்களில் சாயும். பூத்த பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறையும். கம்பு இன்னும் சீக்கிரம் முடியும். ஆனால் ஈரமான கார்த்திகையில் பூத்தால் தேன் ஒழுகல் நோய் பிடிக்கும் என்பதால் உங்கள் காட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அறுவடைக்கு மேல் மட்டை காய்ந்ததை மட்டும் பார்க்காமல், நடுக் கருதில் ஒரு மணியைப் பெயர்த்து அடி முனையைக் கிள்ளிப் பாருங்கள். கறுப்பு அடுக்கு தெரிந்தால் முற்றிவிட்டது. அப்போது ஈரம் முப்பது சதத்துக்கு மேல் இருக்கும், அதை 14-க்குக் கொண்டுவர வேண்டும், வீட்டில் வைப்பதானால் 12. தார்ச்சாலையில் கொட்டிக் காய வைப்பது நம் பக்கம் பழகிப்போன காட்சி. இரவுப் பனியில் அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் வரும், கோழித் தீவனக்காரர் அதைப் பரிசோதித்துத் தள்ளிவிடுவார். தார்ப்பாய் விரித்து, மாலையில் மூடுங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். வியாபாரி காட்டுக்கு வந்து விலை சொல்லும்போது அந்தப் பருவத்து ஆதரவு விலையையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய ஏல விலையையும் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். ஈரம் அதிகம் என்று கழிப்பவரிடம் ஈரமானி வைத்துக் காட்டச் சொல்லலாம்.

பயிர்க் காப்பீட்டை விதைத்த கையோடு செய்யுங்கள். ரபி (குளிர்காலப் பட்டத்து) உணவுப் பயிருக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதம்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க ஒருநாள் அலைய வேண்டும், கடைசி நாள் வரை விடாதீர்கள். நிலம் கணவர் பெயரில் இருந்தால் என்னென்ன தாள் வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் அங்கிருந்து அனுப்ப நாளாகும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது மண் மாதிரி. தண்ணீர் நின்ற மூலையையும் மேட்டையும் தனித்தனியாக எடுங்கள், இரண்டையும் கலந்தால் வரும் எண் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. அரை அடி ஆழத்தில் 'வி' போல வெட்டி, பக்கத்துக்குப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ போதும். வாலிகண்டபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் எங்கே கொடுப்பது என்று கேட்டால் சொல்வார்கள். முடிவு வந்ததும் எண்களை அனுப்புங்கள், மேலே சொன்ன மூட்டைக் கணக்கை அதற்குத் தக்கபடி திருத்தித் தருகிறேன்.